பழுப்பு மரநாய்க்கு ஒரு கேமரா பொறி: பழைய டிஎஸ்எல்ஆரைக் காட்டில் நிறுத்தும் முறை

கடையில் வாங்கும் டிரெயில் கேமரா (விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் பெட்டி) கணக்கெடுப்புக்குப் போதும். என்ன விலங்கு, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடும். படமாகப் பார்த்தால் கதை வேறு. இரவில் அகச்சிவப்பு விளக்கில் எடுப்பதால் எல்லாமே சாம்பல் நிறம். உள்ளே இருப்பது சின்னஞ்சிறு சென்சார். கொஞ்சம் பெரிதாக்கினாலே பிசிறு தட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் பழுப்பு மரநாயை, அது பழம் தின்னும் காப்பிச் செடியோடும் தலைக்கு மேல் கவிந்த நிழல்மரத்தோடும் சேர்த்து, அச்சில் போடுகிற தரத்தில் எடுக்க வேண்டுமென்றால் டிஎஸ்எல்ஆரையே பொறியாக்கியாக வேண்டும்.

வால்பாறை, கீழ்ப்பழனி போன்ற மலைப்பகுதிகளின் தனியார் தோட்டங்களை மனதில் வைத்து இங்கே அளவுகள் சொல்லப்படுகின்றன. மின்னணு வேலையைப் பார்த்துப் பலரும் மிரள்வார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற காரியம். பொறியைத் தோற்கடிப்பது ஈரமும் எறும்பும் வெயில்பட்ட இலையும் தப்பான இடமும்தான். அதனால் சர்க்யூட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அவற்றுக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறது.

விலங்கே தன் படத்தை எடுத்துக்கொள்ளும் யோசனை நூறு வருடத்துக்கும் பழையது. அமெரிக்காவின் ஜார்ஜ் ஷிராஸ் இப்படி எடுத்த படங்களும் சேர்ந்த 74 இரவு, பகல் படங்களை நேஷனல் ஜியாகிரஃபிக் 1906 ஜூலை இதழில் வெளியிட்டது. இந்தியாவில் 1920களில் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், பாதையின் குறுக்கே கம்பி கட்டி, புலி அதில் இடறும்போது வெளிச்சப்பொடி எரியும்படி செய்து படமெடுத்தார். தகடு ஒன்று, பொடி ஒரு முறை. அத்தோடு அன்றைய இரவு முடிந்தது. நமக்கு நூற்றுக்கணக்கில் படம் எடுக்கலாம் என்ற வசதி இருக்கிறது. ஆனாலும் முதல் படம்தான் முக்கியம் என்பது மாறவில்லை. கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி தூக்கி அடிக்கும் சத்தம் கேட்டதும் இரண்டாவது படத்தில் பாதி விலங்குகள் உடம்பை முறுக்கிக்கொண்டோ, வாலை மட்டும் காட்டிக்கொண்டோதான் இருக்கும்.

கேமராவும் லென்ஸும்

கேனான் 600டி மாதிரி ஒரு பழைய உடலும் 18-55 கிட் லென்ஸும் போதும். இந்த வரிசைக் கேமராக்களில் ரிமோட் துளை சாதாரண 2.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக்தான், தனி இணைப்பி தேட வேண்டாம். காட்டுமாடு மிதித்தாலும், யாராவது தூக்கிப் போனாலும் வயிறு எரியாத விலையில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். புது மிரர்லெஸ்ஸைப் பொறியில் வைப்பது வீண். அது தூக்கத்திலிருந்து எழுந்து படமெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம் பல மாடல்களில் டிஎஸ்எல்ஆரைவிட அதிகம்.

லென்ஸ் 18 மி.மீ.யில், எஃப்/8, ஃபோகஸ் 1.5 மீட்டரில். இந்த அமைப்பில் ஏறக்குறைய 0.9 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். 1.5 மீட்டர் தூரத்தில் படச் சட்டத்தின் அகலம் சுமார் 1.85 மீட்டர். பழுப்பு மரநாய் மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரு மீட்டர் அளவு வரும். எனவே சட்டத்தில் பாதியை அது எடுத்துக்கொள்ளும், மீதி காட்டுக்கு.

ஃபோகஸை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி வைத்துவிட்டு, ஃபோகஸ் வளையத்தையும் ஜூம் வளையத்தையும் டேப் போட்டு ஒட்டிவிடவும். லென்ஸிலுள்ள ஏஎஃப் (தானியங்கி ஃபோகஸ்) சுவிட்ச் எம்எஃப் (கைமுறை) பக்கம், ஐஎஸ் (அசைவுத் தடுப்பு) அணைப்பு. மெனுவில் பட மறுபார்வை, பீப் ஒலி, நீண்ட வெளிச்சத்துக்கான நாய்ஸ் குறைப்பு மூன்றையும் அணைக்கவும். தானாக அணையும் நேரம் 1 நிமிடம். கேமராக் கடிகாரத்தைக் கைபேசியோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்வதைத் தவறவிடக் கூடாது. பிறகு பழுது கண்டுபிடிப்பதே படங்களின் நேரத்தை வைத்துத்தான்.

சென்சார்

ஹெச்சி-எஸ்ஆர்501 என்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் வெள்ளைக் குமிழ் வைத்த சிறிய பலகையைத் தருவார்கள். இது உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் சென்சார். வெப்பம் மட்டும் போதாது, வெப்பம் நகர வேண்டும். குமிழின் பட்டைகள் பார்வையைப் பல கூறுகளாகப் பிரிக்கின்றன. வெதுவெதுப்பான உடல் ஒரு கூறிலிருந்து அடுத்ததுக்குத் தாண்டும்போது சமிக்ஞை வரும். ஆகவே சென்சாரை நோக்கி நேராக நடந்து வரும் விலங்கைவிடக் குறுக்கே கடக்கும் விலங்கைத்தான் அது சுறுசுறுப்பாகப் பிடிக்கும். பாதைக்குச் செங்குத்தாக வைப்பதன் காரணம் இதுவே.

இன்னொரு விஷயம்: இந்த நீண்ட அலை அகச்சிவப்பு, சாதாரணக் கண்ணாடியைக் கடக்காது. மழைக்குப் பயந்து சென்சாரின் முன்னால் கண்ணாடித் துண்டை ஒட்டினால் அது குருடாகிவிடும். பாலித்தீன் குமிழ் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி மட்டும் சிலிகான் பூசலாம்.

பலகையில் இரண்டு திருகிகளும் ஒரு ஜம்பரும் உண்டு. நேரத் திருகியைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பவும். உணர்திறனை நடுவில் வைக்கவும். ஜம்பரை எல் பக்கம் போடவும். ஹெச் பக்கம் வைத்தால் விலங்கு அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும் வரை வெளியீடு தொடர்ந்து உயர்ந்தே நிற்கும், புதிய துடிப்பு வராது. எல் பக்கம் வைத்தால் ஒவ்வொரு முறையும் இறங்கி மீண்டும் ஏறும். அடுத்த வரிசைப் படங்களுக்கு வழி கிடைக்கும்.

அப்படியே விட்டால் இந்தச் சென்சாரின் பார்வை நூறு டிகிரிக்கும் மேல். படச் சட்டத்துக்கு வெளியே நாலு அடி தள்ளி ஓடும் எலிக்கும் கேமரா அடிக்கும். 32 மி.மீ. பிவிசி குழாயில் 6 செ.மீ. துண்டு வெட்டிக் குமிழின் மேல் பொருத்தினால் பார்வை பாதிக்கும் கீழே சுருங்கும். இன்னும் ஒடுக்க வேண்டுமென்றால் குழாயின் வாயை அலுமினியத் தாள் டேப்பால் மூடி, நடுவில் 8 மி.மீ. அகலத்தில் நெட்டுக்குத்தாக ஒரு பிளவு மட்டும் விடவும். சென்சாரை கேமராப் பெட்டியிலேயே வைக்காமல் 2-3 மீட்டர் கேபிளில் தனியே நிறுத்துவது இன்னும் நல்லது. எங்கே விலங்கு நிற்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அந்தப் புள்ளியையே பக்கவாட்டிலிருந்து பார்க்கும்படி வைக்கலாம்.

இணைப்பு

மூளைக்கு ஆர்டுயினோ புரோ மினி என்ற, நிரல் ஏற்றக்கூடிய சின்னப் பலகை, 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் வகை. மின்சாரத்துக்கு இரண்டு 18650 லித்தியம் செல்கள் தொடரிணைப்பில், பாதுகாப்புப் பலகையோடு. 7.4 வோல்ட் நேராகச் சென்சாரின் விசிசி முனைக்கும் புரோ மினியின் ரா முனைக்கும் போகும். சென்சார் தன் வெளியீட்டை 3.3 வோல்ட்டில்தான் தரும், அதனால் இடையில் எதுவும் வேண்டாம். நேராக டி2 முனைக்கு.

கேமரா பக்கம் இரண்டு பிசி817 ஆப்டோகப்ளர்கள் (மின்தொடர்பு இல்லாமல் ஒளி மூலம் சமிக்ஞை கடத்தும் சிப்). டி5 முனை ஃபோகஸுக்கு, டி6 ஷட்டருக்கு. ஒவ்வொன்றிலும் முனையிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கப்ளரின் 1ஆம் காலுக்கு, 2ஆம் கால் தரைக்கு. மறுபுறம் 4ஆம் கால் கேமராவின் ஜாக்குக்கு: நுனி ஷட்டர், நடு வளையம் ஃபோகஸ். 3ஆம் கால் இரண்டையும் சேர்த்து ஜாக்கின் அடி உறைக்கு. கப்ளர் இல்லாமல் வெறும் டிரான்சிஸ்டரிலும் ஓடும். ஆனால் பிளாஷ் கம்பிகளும் அதே பெட்டிக்குள் ஓடும்போது கேமராவையும் பலகையையும் மின்முறையில் பிரித்து வைப்பது பிற்பாடு பல தலைவலிகளைக் குறைக்கும். சென்சாரின் மின் முனைகளுக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபாரட், 100 நானோஃபாரட் இரண்டு கெப்பாசிட்டரும் வைத்துவிடுங்கள். பிளாஷ் சார்ஜ் ஆகும்போது எழும் இரைச்சலைச் சென்சார் விலங்கு என்று நினைப்பது சாதாரணமாக நடக்கிறது.

நிரல் எளிது. மின்சாரம் கொடுத்ததும் 60 விநாடி எதையும் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். சென்சார் சூடேறும் வரை தாறுமாறாகச் சமிக்ஞை தரும். பிறகு ஆழ்ந்த தூக்கம். டி2 முனை மாறினால் விழிப்பு. உடனே ஃபோகஸ் கம்பியை 250 மில்லி விநாடி மூடி வைத்து, அதை விடாமல் ஷட்டரை 150 மில்லி விநாடி மூடவும். ஃபோகஸ் கம்பி இங்கே ஃபோகஸ் செய்வதற்கு அல்ல, தூங்கும் கேமராவை எழுப்புவதற்கு. ஒன்றரை விநாடி இடைவெளியில் மூன்று படம், பிறகு 20 விநாடி ஓய்வு, மீண்டும் தூக்கம். உங்கள் கேமரா 250 மில்லி விநாடியில் எழவில்லையென்றால் 50, 50ஆகக் கூட்டிப் பாருங்கள். தேவைக்கு மேல் ஒரு சொட்டும் கூட்ட வேண்டாம். அந்த நேரத்தில் மரநாய் நடந்துகொண்டிருக்கிறது.

மின்கணக்கைப் பார்த்தால் எங்கே கவனம் வேண்டும் என்பது புரியும். புரோ மினியைத் தூங்க வைக்காமல், அதன் மின்விளக்கையும் பிடுங்காமல் விட்டால் மொத்தம் 6 மில்லி ஆம்பியர் அளவு இழுக்கும்; 2600 மில்லி ஆம்பியர்-மணி செல் 18 நாளில் காலி. தூங்க வைத்து, பலகையிலுள்ள சின்ன எல்இடியைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட்டால் சென்சாரையும் சேர்த்து 0.2 மில்லி ஆம்பியர் சுற்றளவுக்கு வந்துவிடும். கணக்குப்படி ஒரு வருடத்துக்கு மேல். ஆக, பலகை ஒரு பிரச்சினையே அல்ல. கேமராவும் பிளாஷும்தான் பேட்டரியைத் தின்கின்றன. 600டியின் எல்பி-இ8 பேட்டரி 1120 மில்லி ஆம்பியர்-மணி. அதுவும் உள்ளே இரண்டு லித்தியம் செல் தொடர்தான் என்பதால், டம்மி பேட்டரி (பேட்டரி வடிவில், கம்பி வெளிவரும் வெறும் கூடு) ஒன்று வாங்கி வெளியிலிருந்து இரண்டு 18650 இணைத்தால் வோல்ட்டேஜ் சரியாகவே பொருந்தும். பிளஸ், மைனஸை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே மாட்டவும். கம்பி நிறத்தை நம்ப வேண்டாம்.

பிளாஷ்

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் படுத்துவிடும். இன்றைய பிளாஷ்களில் பல, சில நிமிடத்தில் தூங்கிவிடும். அல்லது தூங்காமல் விழித்தபடி பேட்டரியைக் காலி செய்யும். நிக்கான் எஸ்பி-28 என்ற பழைய பிளாஷை உலகம் முழுக்கப் பொறி வைப்பவர்கள் தேடித் தேடி வாங்குவது இதனால்தான். காத்திருக்கும்போது மிகக் குறைவாகவே மின்சாரம் எடுக்கும், அழைத்ததும் சட்டென விழிக்கும். வேறு பிளாஷ் கையில் இருந்தால் முதலில் இரண்டு சோதனை. ஒன்று, தூக்க அமைப்பை முழுக்க அணைத்து எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று மேசையில் வைத்துப் பார்ப்பது. இரண்டு, தூண்டு வோல்ட்டேஜ். பிளாஷ் முழுக்க சார்ஜ் ஆனதும் அதன் அடியில் நடுப் புள்ளிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைக்கவும். 6 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 24ஐத் தாண்டினால் டிஜிட்டல் கேமராவோடு இணைக்க வேண்டாம். மிகப் பழைய பிளாஷ்களில் இது நூற்றுக்கணக்கில்கூட இருக்கும்.

வயர்லெஸ் டிரிக்கர் வேண்டாம். அதற்கும் ஒரு பேட்டரி, அதற்கும் ஒரு தூக்கம். ஹாட் ஷூ (கேமராவின் மேலே பிளாஷ் மாட்டும் இடம்) அடாப்டரிலிருந்து இரு கம்பி கேபிளை இழுத்து இரண்டு பிளாஷையும் இணையாகக் கொடுத்துவிடலாம்.

அளவு எப்படி வைப்பது? எஸ்பி-28இன் கைடு எண் (பிளாஷின் வீச்சைச் சொல்லும் எண்) 35 மி.மீ. நிலையில், ஐஎஸ்ஓ 100இல் 36. 1/16 சக்தியில் அது 9. ஐஎஸ்ஓ 400 வைத்தால் 18. எஃப்/8இல் வகுத்தால் 2.25 மீட்டர். முன்னால் வெண்ணெய்த்தாள் ஒட்டி ஒளியை மென்மையாக்கினால் ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி, போய்விடும், தூரம் 1.6 மீட்டர் ஆகும். நம் பொருள் 1.5 மீட்டரில் இருப்பதால் முதன்மை பிளாஷுக்கு இது கச்சிதம். 1/16இல் பிளாஷ் எரியும் நேரம் விநாடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். மீசை முடி வரை நிலைத்து நிற்கும். முழுச் சக்தியில் அடித்தால் அந்தக் கூர்மையும் இருக்காது, மறு சார்ஜுக்கும் நேரமாகும்.

முதன்மை பிளாஷ், கேமராவுக்கு இடது பக்கம் ஒரு மீட்டர் தள்ளி, விலங்கிலிருந்து 1.6 மீட்டருக்குள் வரும்படி முன்னே நகர்த்தி, தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில். லென்ஸை ஒட்டி வைத்தால் கண்கள் இரண்டும் பச்சை விளக்காக எரியும். குறைந்தது 60 செ.மீ. விலக்கவும். இரண்டாவது பிளாஷ் வலது பின்புறம், 1/32இல், விலங்கின் முதுகு விளிம்பையும் பின்னாலுள்ள காப்பி இலைகளையும் தொடும்படி. இந்த இரண்டாவது இல்லாவிட்டால் விலங்கு கறுப்புத் துணியில் ஒட்டிய ஸ்டிக்கர் போல வரும். ஷட்டர் 1/160. 600டியின் சிங்க் எல்லை (பிளாஷோடு ஒத்துவரும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/200 என்றாலும் ஓரத்தில் வைத்து விளையாட வேண்டாம்.

செல்களுக்கு எனலூப் போன்ற, தானாகச் சார்ஜ் அதிகம் இழக்காத நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகை. சாதாரண அல்கலைன் செல் ஈரத்தில் கசிந்து பிளாஷின் தொடுப்புகளை அரித்துவிடும்.

பெட்டி

மின்சாதனக் கடைகளில் கிடைக்கும் ஐபி65 (தூசியும் நீர்த்தாரையும் புகாத தரம்) ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டி போதும். கேமரா உள்ளே போய், சுற்றிலும் 15 மி.மீ. ஃபோம் வைக்க இடமிருக்க வேண்டும். ஃபோம் அதிர்ச்சிக்கு மட்டுமல்ல, ஷட்டர் சத்தத்தைக் குறைப்பதற்கும்தான்.

முன் துளைக்கு 90 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு துண்டு, அதன் வாயில் 77 மி.மீ. யூவி ஃபில்டர். ஃபில்டரை வளையத்தோடு சேர்த்து சிலிகானில் பதிக்கலாம். சிலிகான் வாங்கும்போது நியூட்ரல் வகையா என்று பார்த்து வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண வகை காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிறது. மூடிய பெட்டிக்குள் அது செம்புக் கம்பிகளையும் சால்டரையும் பச்சை பூக்க வைக்கும். எந்த வகையானாலும் பூசிய பிறகு இரண்டு நாள் திறந்து காயவிட்ட பின்னரே கேமராவை உள்ளே வைக்கவும். லென்ஸ் முனைக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். மேலே மழைத் தடுப்புக்கு அரைவட்டமாக 2 செ.மீ. நீட்டம் போதும்; அதற்கு மேல் போனால் 18 மி.மீ.யில் மேல் மூலைகள் இருளும்.

கேபிள் வெளிவர பிஜி7 கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கும் திருகு மூடி), 12.5 மி.மீ. துளை. துளைகள் எல்லாமே பெட்டியின் அடிப்பக்கம்தான் இருக்க வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறினால் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

உள்ளே 50 கிராம் சிலிக்கா ஜெல், துணிப் பையில். ஆரஞ்சு நிறம் பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். ஓவன் அடுப்பில் 110-120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டுவிடும். ஒன்று மறக்க வேண்டாம்: தோட்டத்தில் மழைத் தூறலில் பெட்டியைத் திறந்து கார்டு மாற்றினால், வெளியிலிருக்கும் ஈரக்காற்றை உள்ளே அடைத்து மூடுகிறீர்கள். ஜெல்லையும் அதே நேரத்தில் மாற்றிவிட வேண்டும். கார்டு மட்டும் மாற்றுகிற அவசரக்காரர்களின் லென்ஸில்தான் பூஞ்சை முதலில் படரும்.

பனி தனிப் பிரச்சினை. பெட்டிக்குள் ஈரமே இல்லாவிட்டாலும் கண்ணாடியின் வெளிப்புறம் விடியற்காலையில் பூத்துவிடும். தூங்கும் கேமராவில் சூடு கிடையாது. திறந்த வானத்தைப் பார்க்கும் கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிட அதிகம் குளிர்ந்துவிடுகிறது. ரெசிஸ்டர் வைத்துச் சூடேற்றலாமே என்று தோன்றும். அரை வாட் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 4 வாட்-மணி. ஒரு 18650 இரண்டு இரவுக்குத்தான் வரும். அதைவிட, அடர்ந்த நிழல்மரத்தின் கீழ், கேமராவை 5 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் பாதிக்கு மேல் குறைந்துவிடும். பலா, சில்வர் ஓக் நிழலில் பூக்காத பனி, பத்தடி தள்ளிய வெட்டவெளியில் கண்ணாடியை வெள்ளையடித்துவிடும்.

இடம்

எங்கும் போய்ப் பொறி வைக்க முடியாது. சரணாலயத்துக்குள் படமெடுக்க நுழைவதற்கே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி முதன்மை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். காப்புக்காட்டிலும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கருவியை விட்டுவிட்டு வரக் கூடாது. தனியார் தோட்டமென்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்கி, கங்காணிக்கும் காவலாளிக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள். வேலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் வைக்காதீர்கள். ஆட்கள் படத்தில் விழுந்தால் அப்போதே அழித்துவிடுவதுதான் மரியாதை.

மரநாயைத் தேட வேண்டியதில்லை, அதன் எச்சத்தைத் தேடினால் போதும். காப்பிப் பழம் சிவக்கும் காலத்தில் பாறை மேலும் விழுந்த மரத்தின் மேலும் கொட்டையோடு கிடக்கும். ஒரே இடத்தில் பழையதும் புதியதுமாகக் கிடந்தால் அது வழக்கமான தடம். அந்த விழுந்த மரமே பொருத்தமான மேடை. மரநாய் அதில் ஏறும்போதோ இறங்கும்போதோ கணநேரம் தயங்கும். கேமராவின் அரை விநாடித் தாமதத்தை ஈடுகட்டுவது அந்தத் தயக்கம்தான். சமதளத்தில் நடக்கும் விலங்கு அந்த அரை விநாடியில் அரை மீட்டர் போய்விடும். வால் நுனி மட்டும் மிஞ்சும். இரை வைத்து நிறுத்துவது குறுக்கு வழி. அது விலங்கின் நடமாட்டத்தையே மாற்றிவிடும், படத்திலும் செயற்கை தெரியும்.

லென்ஸின் உயரம் தரையிலிருந்து 25-30 செ.மீ., சென்சார் 20-25 செ.மீ. மரநாய், முள்ளம்பன்றி, சருகுமான் எல்லாவற்றுக்கும் இது ஒத்துவரும். யானைத்தடம் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடவும். பெட்டியைக் காலால் தள்ளிப் பார்ப்பது அவற்றுக்கு ஒரு வேலை. அதைவிட முக்கியம், அந்தி நேரத்தில் கார்டு மாற்றப் போகிறவர் உயிரோடு திரும்ப வேண்டும்.

தாங்குவதற்கு மரக்குச்சி வேண்டாம், கரையான் பிடிக்கும். 20 மி.மீ. ஜிஐ குழாயை 40 செ.மீ. ஆழம் அடித்து, மேலே பெட்டியை யூ கிளாம்பில் இறுக்கவும். கேபிள்களை 16 மி.மீ. நெளிகுழாய்க்குள் விட்டு மண்ணில் புதைக்கவும். முள்ளம்பன்றிக்கும் எலிக்கும் வெளியில் தெரியும் கம்பி கடிக்கத் தோதானது. கை வியர்வையின் உப்புப் பட்டிருந்தால் இன்னும் ருசி. கடைசியாக எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வருவது நல்ல பழக்கம்.

நிறுவி முடித்ததும் கையும் முழங்காலும் ஊன்றி அந்தத் தடத்தில் இரு பக்கமிருந்தும் தவழ்ந்து கடந்து பாருங்கள். பார்ப்பவர் சிரிப்பார், சிரிக்கட்டும். நின்று நடந்து சோதித்த சென்சார், முழங்கால் உயர விலங்கைத் தவறவிடும்.

படங்களின் நேரத்தை வைத்துப் பழுது பார்ப்பது

ஐந்து நாள் கழித்துக் கார்டை எடுத்து வந்ததும் படங்களைப் பார்க்கும் முன் நேரப் பட்டியலைப் பார்க்கவும். வெற்றுப் படங்கள் காலை 10 மணியிலிருந்து மாலை 3 வரை குவிந்திருந்தால் வெயில்தான் காரணம். மேலே கிளை அசைய, தரையில் வெளிச்சத்துண்டு நகர்கிறது. சூடான இலை ஆடுகிறது. சென்சாரை வேறு திசைக்குத் திருப்பவும், பிளவை இன்னும் ஒடுக்கவும். இரவு வேலைக்கு மட்டும் பொறி என்றால் ஓர் எல்டிஆரை (வெளிச்சத்தை உணரும் ரெசிஸ்டர்) சேர்த்துப் பகலில் பலகையை முடக்கிவிடலாம். கார்டும் பேட்டரியும் மிச்சம்.

இரவில் துல்லியமாக இருபத்துச் சொச்சம் விநாடிக்கு ஒருமுறை மூன்று மூன்றாக வெற்றுப் படம் வந்திருந்தால் பொறி தன்னைத்தானே தூண்டிக்கொள்கிறது. பிளாஷ் மறு சார்ஜின் இரைச்சல் சென்சார் கேபிளில் ஏறுகிறது. இரண்டு கேபிளையும் ஒரே குழாயில் விட்டிருந்தால் பிரிக்கவும், சென்சாருக்கு உறையிட்ட கேபிள் போடவும், ஓய்வு நேரத்தை 40 விநாடியாக்கவும். இடைவெளி ஒழுங்கில்லாமல் இரவு முழுக்க வெற்றுப் படம் என்றால் குமிழின் மேல் பூச்சியோ சிலந்தியோ உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குமிழை ஒட்டி நகரும் சிறு பூச்சியும் சென்சாருக்குப் பெரிய உருவமாகப் படும்.

ஒவ்வொரு வரிசையிலும் முதல் படம் கறுப்பு, இரண்டாவதும் மூன்றாவதும் சரி என்றால் பிளாஷ் தாமதமாக விழிக்கிறது. எல்லாமே கறுப்பு என்றால் சிங்க் கம்பி அறுந்திருக்கும் அல்லது செல் தீர்ந்திருக்கும். ஜாக்கை ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடியில் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகம் யாரோ நகர்த்திவிட்டது. படம் முழுக்க வெள்ளை மூட்டம், அதிகாலை நான்கிலிருந்து ஏழு வரை மட்டும் என்றால் பனி. நாளின் எந்த நேரத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைக் கீற்று என்றால் கண்ணாடிக்கும் மழைத்தடுப்புக்கும் இடையே சிலந்தி வலை. பிளாஷ் பட்டு அது மின்னுகிறது.

எறும்பை நேரப் பட்டியல் காட்டாது. திறக்கும்போதுதான் தெரியும். உலர்ந்த, மழை படாத பெட்டி என்றால் முட்டையோடு குடிவந்துவிடும். கிளாண்டில் கேபிளைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி போதும். கிளாண்டை இறுக்கிய பிறகு மேலே சிலிகான் பூசி, தாங்கு குழாயின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கிரீஸ் தடவவும். பெட்டியைத் தொடும் புல், கொடி, கிளை ஏதாவது இருந்தால் கிரீஸால் பயனில்லை, அது வழியாக வந்துவிடும். பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. மரநாய் அந்த வாடைக்கே ஒதுங்கிப் போகும், ஏபிஎஸ் வகை பிளாஸ்டிக்கும் ரப்பரும் சில மருந்துகளில் இளகும்.

மழை தொடங்கிவிட்டால் பொறியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரிகளைத் தனியே எடுத்து 18650 செல்களைப் பாதி சார்ஜில் வைக்கவும். லென்ஸ் டேப்பை உரித்துப் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவும். கண்ணாடியைப் பதித்த சிலிகானில் விரலால் அழுத்தி, எங்காவது உரிந்திருக்கிறதா என்று பார்க்கவும். உரிந்த இடத்தில் மேலே பூசினால் பிடிக்காது, பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். தூண்டு கேபிளின் ஜாக்குகளில் பச்சை கண்டால் தேய்த்துச் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்காமல் வெட்டி எறிந்துவிட்டுப் புது ஜாக் சால்டர் செய்யவும்.